காய்ச்சலைக் கண்காணிக்கும் படைகள்: வாசகர் கேள்விகளும் வைத்தியர் பதில்களும்

சென்ற இதழில் இன்புளுவென்சா பற்றி எழுதியபோது, அந்நோயை உலகளவில் கண்காணிப்பதில் இராணுவ ஆய்வுகூடங்களுக்கும் பங்கு உண்டு என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பற்றியே மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து பல கடிதங்கள் வந்திருக்கின்றன. ஆகையால் ஏனைய நோய்கள் பற்றிய கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்துவிட்டு, இம்முறை இதனை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: தடிமனும் காய்ச்சலும் எல்லா வீட்டுக்கும் வந்துபோகிற நோய்கள். மல்லி அவித்துக் குடித்துவிட்டு இரண்டு நாள் படுத்திருந்தால் போய்விடும் என்று வளர்ந்தவர்கள் நாம். இதற்காக ஓர் அந்நிய நாட்டுக் கடற்படை கெய்ரோவிலும் ஜகார்த்தாவிலும் ஆய்வுகூடம் வைத்திருந்தது ஏன்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கல்லடி

ஆசிரியர் ஐயாவுக்கு, இன்புளுவென்சாவை நாம் சாதாரணத் தடிமனோடு சேர்த்து எண்ணிவிடுகிறோம். படைத் தலைமைகளால் அப்படி எண்ண முடியவில்லை. 1918 இல் அந்த நோய் அவர்களுடைய முகாம்களைத்தான் நிரப்பியது. அது முதன்முதலில் எங்கே தோன்றியது என்பதில் ஆய்வாளர்களிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்து ஃபன்ஸ்டன் முகாமில் அவ்வாண்டு மார்ச் மாதம் படையினர் நூற்றுக்கணக்கில் படுக்கையில் விழுந்ததும், பின்னர் படைக்கப்பல்களிலும் படை ரயில்களிலும் ஏறி அந்த நோய் கண்டம் விட்டுக் கண்டம் சென்றதும் பதிவில் உள்ளவை. பம்பாயில் 1918 ஜூன் 10 ஆம் திகதி, துறைமுகக் காவலில் நின்ற ஒருவர் உட்பட ஏழு பொலிஸ் சிப்பாய்கள் காய்ச்சலோடு வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டார்கள். அதன் பின் சில மாதங்களுக்குள் பிரித்தானிய இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரும், உலகம் முழுவதிலும் குறைந்தது 5 கோடிப் பேரும் இறந்தார்கள் என்று கணிக்கப்படுகிறது. இலங்கைக்கும் அது துறைமுகங்கள் வழியாகவே வந்தது. அப்போது நடந்த முதலாம் உலகப் போரில் அமெரிக்கப் படையினரில் குண்டுபட்டு இறந்தவர்களுக்கு ஏறத்தாழ நிகரான தொகையினர் இன்புளுவென்சாவாலும் அதைத் தொடர்ந்த நியுமோனியாவாலும் இறந்தார்கள் என்பதை எந்தப் படைத் தளபதியும் மறக்க இயலாது.

மனிதருக்கு வரும் இன்புளுவென்சா வைரசு 1933 இல் இலண்டனில் பிரித்தெடுக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர் நெருங்கியதும், 1941 இல் அமெரிக்க இராணுவம் இந்நோய்க்கெனவே ஓர் ஆணைக்குழுவை அமைத்து, தோமஸ் பிரான்சிஸ் என்ற வைரசு ஆய்வாளரிடம் தடுப்பூசிப் பணியை ஒப்படைத்தது. அவரோடு பணியாற்றிய இளம் வைத்தியர் ஜோனாஸ் சால்க், பிற்காலத்தில் போலியோ தடுப்பூசியால் புகழ் பெற்றவர். அவர்கள் ஆக்கிய தடுப்பூசி 1945 இல் படையினருக்குப் பரவலாக ஏற்றப்பட்டது. இன்று மருந்தகத்தில் வாங்கக்கூடிய இன்புளுவென்சாத் தடுப்பூசியின் மூலம் இதுதான்.

ஒரு பயிற்சி முகாமை எண்ணிப் பாருங்கள். வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்த பதினெட்டு, பத்தொன்பது வயது இளைஞர்கள் ஒரே மண்டபத்தில் கட்டிலோடு கட்டில் நெருக்கிப் படுக்கிறார்கள், ஒரே வரிசையில் நின்று உண்கிறார்கள், போதிய உறக்கமின்றி நாள் முழுவதும் பயிற்சி செய்கிறார்கள். ஒவ்வொருவரும் தத்தம் ஊர்க் கிருமியைக் கொண்டுவந்திருக்கிறார்கள். சுவாச நோய் பரவுவதற்கு இதைவிட வசதியான இடம் வேறில்லை. சுவாச நோயை உண்டாக்கும் அடினோ வைரசின் 4 ஆம், 7 ஆம் வகைகளுக்கு எதிரான தடுப்பு மருந்து அமெரிக்காவில் 1971 முதல் புதிய படையினருக்கு மட்டும் கொடுக்கப்பட்டு வந்தது. உற்பத்தியாளர் கைவிட்டதால் 1999 அளவில் அது நின்றபோது நோய் முகாம்களுக்குத் திரும்பிவிட்டது. 2011 இல் மருந்தை மீண்டும் தொடங்க வேண்டியதாயிற்று. வெளியூர்களில் ஆய்வுகூடம் வைப்பதற்கும் இதே தன்னலம்தான் காரணம். தம் படை எங்கே சென்றாலும் அங்கே என்ன நோய் இருக்கிறது என்பதை முன்கூட்டியே அறிய வேண்டும். கெய்ரோவில் 1946 முதலும், ஜகார்த்தாவில் 1970 முதலும், பெருவின் தலைநகர் லீமாவில் 1983 முதலும் அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுகூடங்கள் இயங்கின. பாங்கொக்கில் தாய்லாந்து இராணுவமும் அமெரிக்க இராணுவமும் இணைந்து நடத்தும் நிறுவனம், 1950களின் இறுதியில் அங்கே பரவிய வாந்திபேதியை ஆராயத் தொடங்கிய ஆய்வுகூடத்திலிருந்து வளர்ந்தது. இவற்றையும் வேறு பலவற்றையும் இணைத்து, புதிதாக எழும் தொற்றுநோய்களைக் கண்காணிக்கும் ஒரே திட்டமாக அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களம் 1997 இல் ஆக்கியது.

கேள்வி: படையினரின் நலனுக்காகச் செய்த ஆய்வால் பொதுமக்கள் உண்மையில் பயன் அடைந்ததுண்டா?
– பல்கலைக்கழக மாணவி, சம்மாந்துறை

உண்டு, மகள். 1957 ஏப்ரல் 17 ஆம் திகதி, வோஷிங்டனில் வோல்டர் ரீட் இராணுவ ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய மொரிஸ் ஹில்மன், ஹொங்கொங்கில் ஆயிரக்கணக்கானோர் காய்ச்சலோடு சிகிச்சைக்காக வரிசையில் நிற்பதாகப் பத்திரிகையில் வாசித்தார். புதிய வகை இன்புளுவென்சா கிளம்பிவிட்டது என்று ஐயுற்ற அவர், யப்பானில் இருந்த இராணுவ ஆய்வுகூடத்துக்குத் தந்தி அனுப்பினார். ஹொங்கொங்கில் நோய் பிடித்துத் திரும்பியிருந்த ஒரு கடற்படையினர் வாய் கொப்பளித்த உப்புநீர், மாதிரியாக வோஷிங்டனுக்கு வந்து சேர்ந்தது. அதிலிருந்து வளர்த்த வைரசைப் பலருடைய குருதித் தெளிவோடு சேர்த்துச் சோதித்தபோது, 1889–90 காலத்துப் பெருந்தொற்றில் தப்பிப் பிழைத்த மிக முதிய சிலரைத் தவிர வேறெவரிடமும் அதனை எதிர்க்க உடல் ஆக்கும் பிறபொருளெதிரி இல்லை என்று தெரிந்தது. நோய் நாட்டுக்குள் பரவும் முன்பே ஹில்மன் தடுப்பூசி உற்பத்தியாளர்களைத் தேடிப் பேசினார். தடுப்பூசி கருக்கொண்ட கோழி முட்டைகளில் வளர்க்கப்படுவது. பருவம் முடிந்ததென்று பண்ணைக்காரர் சேவல்களைக் கொன்றுவிட்டால் முட்டைக்கு எங்கே போவது என்று எண்ணி, சேவல்களைக் கொல்ல வேண்டாம் என்றும் சொல்லிவைத்தார். அவ்வாண்டின் பிற்பகுதிக்குள் 4 கோடி அளவு தடுப்பூசி ஆயத்தமாயிற்று. உலகில் பத்து இலட்சம் பேரளவில் இறந்த பெருந்தொற்று அது. ஒரு தனி மனிதரின் விழிப்பும், அவர் கேட்டவுடன் மாதிரி அனுப்பக்கூடிய ஒரு வலையமைப்பும் சேர்ந்தபோது எவ்வளவு செய்ய முடிந்தது என்பதை நான் மாணவர்களுக்கு எப்போதும் எடுத்துச் சொல்வேன்.

2009 இல் பரவிய எச்1என்1 என்ற இன்புளுவென்சா வைரசு அமெரிக்காவில் முதலில் பிடிபட்டதும் இவ்வழியில்தான். கலிபோர்னியாவில் காய்ச்சல் கண்ட பத்து வயதுச் சிறுவன் ஒருவனின் மாதிரி, கடற்படைச் சுகாதார ஆய்வு மையம் தொடர்புபட்ட ஓர் ஆய்வின் வழியாகவே சோதனைக்குச் சென்றது. அந்த வைரசு முன்னர் அறிந்த எந்த வகையோடும் பொருந்தவில்லை. ஜூன் 11 ஆம் திகதி உலக சுகாதார நிறுவனம் அதனைப் பெருந்தொற்று என அறிவித்தது. 1918 ஆம் ஆண்டு வைரசின் மரபணுவை அறிய முடிந்ததற்கும், இறந்த படையினரின் நுரையீரல் துண்டுகளை மெழுகில் பதித்து எண்பது ஆண்டுகளாகப் பாதுகாத்த இராணுவ நோயியல் நிறுவனத்துக்கே நன்றி சொல்ல வேண்டும்.

ஆனால் முகாமில் கண்டதை வைத்து நாடு முழுவதற்கும் முடிவெடுப்பதில் ஆபத்தும் உண்டு. 1976 இன் தொடக்கத்தில் நியூ ஜேர்சியின் டிக்ஸ் கோட்டை முகாமில் பன்றி இன்புளுவென்சா கண்டு இளம் படையினர் ஒருவர் இறந்தார். 1918 திரும்பிவிட்டது என்று அஞ்சிய அமெரிக்க அரசு நாலு கோடிக்கும் மேற்பட்டோருக்குத் தடுப்பூசி ஏற்றியது. வைரசு அந்த முகாமை விட்டு வெளியே பரவவே இல்லை. தடுப்பூசி ஏற்றியவர்களில் ஏறத்தாழ இலட்சத்துக்கு ஒருவர் என்ற கணக்கில் கை கால் தளரும் கில்லன்–பாரே நோய் கூடுதலாகக் காணப்பட்டது. டிசம்பரில் திட்டம் நிறுத்தப்பட்டது. கண்காணிப்பு தன் வேலையைச் சரியாகவே செய்திருந்தது. வெளியே நோய் உண்டா என்று பொறுத்துப் பார்க்காமல் ஊசி ஏற்றத் தொடங்கியதே தவறு.

கேள்வி: நம் நாட்டவரின் இரத்தத்தையும் சளியையும் வெளிநாட்டு இராணுவம் எடுத்துச் செல்வது உளவு வேலை அல்லவா? உயிரியல் ஆயுதம் செய்யமாட்டார்கள் என்று யார் உறுதி சொல்வது?
– வர்த்தகர், அக்கரைப்பற்று

இந்த அச்சத்தை அறியாமை என்று தள்ளிவிட நான் ஆயத்தமில்லை. இந்தோனேசியாவில் பறவைக் காய்ச்சல் மனிதரைக் கொன்றுகொண்டிருந்த காலத்தில், 2007 இன் தொடக்கத்தில், அந்நாட்டின் சுகாதார அமைச்சர் சித்தி ஃபடீலா சுபாரி வைரசு மாதிரிகளை வெளியே அனுப்ப மறுத்தார். தம் நாட்டு மாதிரிகளைக் கொண்டு பணக்கார நாட்டு நிறுவனங்கள் தடுப்பூசி செய்து, அதைத் தம்மால் வாங்க முடியாத விலைக்கு விற்கும் என்பது அவருடைய வாதம். ஜகார்த்தாவிலிருந்த அமெரிக்கக் கடற்படை ஆய்வுகூடத்தின் மீதும் அந்த ஐயம் பாய்ந்தது. அங்கே ஆயுதம் செய்யப்பட்டது என்பதற்கு எவ்விதச் சான்றும் வெளிவரவில்லை. ஆனாலும் அவ்வாய்வுகூடம் 2010 இல் மூடப்பட்டது. உயிரியல் ஆயுதங்களைத் தடை செய்யும் உடன்படிக்கை 1975 முதல் நடைமுறையில் உள்ளது. அதைக் கடைப்பிடிக்கிறார்களா என்று நேரில் சென்று பார்க்கும் பொறிமுறை மட்டும் அதில் இல்லை. ஆகவே தங்களுக்கு முழு உறுதி சொல்ல என்னாலும் முடியாது.

சுபாரியின் மறுப்பினால் விளைந்த நன்மை ஒன்று உண்டு. நீண்ட பேச்சுவார்த்தைக்குப் பின் 2011 மே மாதத்தில் உலக சுகாதாரப் பேரவை ஓர் ஏற்பாட்டை ஏற்றுக்கொண்டது. நாடுகள் வைரசு மாதிரிகளைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். பெருந்தொற்று வந்தால் உற்பத்தியாளர்கள் தம் தடுப்பூசியில் ஒரு பங்கை உலக சுகாதார நிறுவனத்துக்கு ஒதுக்க வேண்டும். கண்காணிப்பு வலையமைப்பின் நடைமுறைச் செலவில் பாதிக்குச் சமமான தொகையையும் ஆண்டுதோறும் செலுத்த வேண்டும். மாதிரி கொடுத்த ஏழை நாட்டுக்கும் உரிமை உண்டு என்பது அப்போதுதான் எழுத்தில் ஏறியது.

உளவு பற்றிக் கேட்டீர்கள். பாகிஸ்தானின் அபோதாபாத்தில் பின் லாடனைத் தேடியபோது, அமெரிக்க உளவு நிறுவனம் ஒரு வைத்தியரைக் கொண்டு கல்லீரல் அழற்சித் தடுப்பூசி முகாம் நடத்தியது 2011 இல் அம்பலமாயிற்று. அதன் பின் அந்நாட்டில் போலியோ சொட்டுமருந்து கொடுக்கச் சென்ற பெண்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். தடுப்பூசித் திட்டங்களை இனி உளவுக்குப் பயன்படுத்தமாட்டோம் என்று வெள்ளை மாளிகை 2014 இல் உறுதியளித்தது. பொதுச் சுகாதாரத்தில் வாழ்நாளைக் கழித்தவன் என்ற முறையில், அந்தச் செயலை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை. இராணுவ ஆய்வுகூடம் ஒன்று நம் மண்ணில் மாதிரி எடுப்பதாயின், நம் நாட்டுச் சுகாதார அமைச்சின் ஆய்வாளர் அதில் சமபங்காளியாக இருக்க வேண்டும், முடிவுகள் முதலில் நமக்குத் தெரிவிக்கப்பட வேண்டும், பின்னர் எல்லோரும் பார்க்கும்படி வெளியிடப்பட வேண்டும். இவை இல்லாத இடத்தில் மறுப்பதே முறை.

கேள்வி: படையினரே நோயைப் பரப்பியதும் உண்டா?
– திருக்கோவில் வாசகர்

உண்டு. 2010 ஒக்டோபரில் ஹெயிட்டியில் தொடங்கிய வாந்திபேதி, ஐக்கிய நாடுகள் அமைதிப்படையின் நேபாள முகாமிலிருந்து வெளியேறிய கழிவு ஆற்றில் கலந்ததால் பரவியது. ஏறத்தாழ 10,000 பேர் இறந்தார்கள். தன் பங்கை ஒப்புக்கொள்ள ஐ.நா. 2016 வரை எடுத்துக்கொண்டது. நம் படையினரும் ஹெயிட்டி உள்ளிட்ட நாடுகளுக்குச் சென்று வந்தவர்களே. 2016 இல் மலேரியா அற்ற நாடாக இலங்கை சான்று பெற்ற பின், அவ்வாறு திரும்புவோருக்கு மலேரியாப் பரிசோதனை செய்வது மிக அவசியமாயிற்று.

கேள்வி: 2020 இல் எங்கள் ஒழுங்கையில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றதும் இராணுவ வாகனம் வந்து அந்தக் குடும்பத்தையே ஏற்றிச் சென்றது. அதன் பிறகு எங்கள் வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தும் யாருக்கும் சொல்லவில்லை. நாங்கள் செய்தது பிழையா?
– குடும்பத் தலைவி, வாழைச்சேனை

தங்கச்சி, இந்தக் கடிதத்தைப் பலமுறை வாசித்தேன். பிள்ளையைக் காட்டாமல் விட்டது ஆபத்தானது. ஆனால் உங்களை அந்த நிலைக்குத் தள்ளியது எது என்பதைத்தான் நாம் பேச வேண்டும்.

2020 மார்ச்சில் கொவிட் தடுப்புக்கான தேசிய செயற்பாட்டு மையம் இராணுவத் தளபதியின் தலைமையில் அமைக்கப்பட்டது. வெளிநாட்டிலிருந்து வந்தவர்களைத் தங்கவைத்த முதல் நிலையங்களில் ஒன்று நம் மாவட்டத்தின் புணானையில் இருந்தது. அதற்கு இங்கே எதிர்ப்பும் எழுந்தது. ஆயிரக்கணக்கானோரை ஓரிரு நாட்களுக்குள் தங்கவைத்து உணவூட்டக் கூடிய ஆள்பலமும் வாகனமும் படையிடம் இருந்தன என்பது உண்மை, அந்த உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் முப்பது ஆண்டுப் போரில் சுற்றிவளைப்பையும், முகத்தை மூடி நின்று ஆட்களைக் காட்டிக்கொடுத்த தலையாட்டிகளையும் கண்ட மக்களின் வாசலில் அதே சீருடை வந்து நின்று, "உங்கள் வீட்டில் யாருக்குக் காய்ச்சல்?" என்று கேட்டால் மெய்யான பதில் கிடைக்காது. இதைச் சொல்லப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை.

அதன் மேல் தகனம் வந்தது. கொவிட்டால் இறந்தவரை அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச்சிலேயே வழிகாட்டியிருந்தும், இங்கே ஏப்ரல் முதல் தகனம் கட்டாயமாக்கப்பட்டது. முஸ்லிம் குடும்பங்கள் தம் பிள்ளைகளையும் பெற்றோரையும் எரிக்கக் கொடுத்தார்கள். 2021 மார்ச் 5 ஆம் திகதி முதல் ஓட்டமாவடி மஜ்மா நகரில் மட்டும், படையினரின் மேற்பார்வையில், அடக்கம் அனுமதிக்கப்பட்டது. நாட்டின் எங்கெங்கிருந்தோ கொண்டுவரப்பட்ட மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கே உறங்குகிறார்கள். 2024 ஜூலையில் அரசு மன்னிப்புக் கோரியது. நோய்க் கண்காணிப்பின் பார்வையில் மட்டும் சொல்வதானால், அந்தக் கொள்கை மக்களை நோயை மறைக்கத் தூண்டிற்று. மனிதன் என்ற முறையில் சொல்வதானால் அது கொடுமை.

நான் பணியாற்றிய பகுதியில் ஒரு பொதுச் சுகாதாரப் பரிசோதகர் இருந்தார். காய்ச்சல் கண்ட வீட்டுக்குப் போகும்போது மோட்டார் சைக்கிளை ஒழுங்கை முனையில் நிறுத்திவிட்டு, கோப்பைச் சேர்ட்டுக்குள் செருகிக்கொண்டு, உறவுக்காரர் போல நடந்து போவார். படலைக்கு வெளியே நின்று முதலில் அந்த வீட்டு முதியவரின் சுகம் விசாரிப்பார். அயலவர் எட்டிப் பார்க்கும்படி எதுவும் நடவாது. அவருக்குக் கிடைத்த தகவல் வேறு எவருக்கும் கிடைக்கவில்லை. போர்க்காலத்தில் போலியோ சொட்டுமருந்து நாட்களில் இரு தரப்பும் மோதலை நிறுத்திவைத்தபோது, பிள்ளைகளைத் தேடிப் போனவர்களும் இத்தகைய பரிசோதகர்களும் குடும்பநல உத்தியோகத்தர்களுமே. அடுத்த பெருந்தொற்றில் இராணுவம் லொறி ஓட்டட்டும், கட்டில் போடட்டும், மருந்து சுமக்கட்டும். வீட்டு வாசலில் கேள்வி கேட்பவர் மக்களுக்கு அறிமுகமான சுகாதார ஊழியராகவே இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: இன்று நம் பகுதியில் இன்புளுவென்சாக் கண்காணிப்பு நடக்கிறதா? கர்ப்பிணியான என் மகளுக்குத் தடுப்பூசி போடலாமா?
– தாய், கொக்கட்டிச்சோலை

இலங்கையில் இதனை நடத்துவது சிவில் சுகாதாரத் துறையே. தெரிந்தெடுக்கப்பட்ட வைத்தியசாலைகளில், காய்ச்சலும் இருமலும் உள்ள சிலரிடமும் கடுமையான சுவாச நோயோடு அனுமதிக்கப்பட்ட சிலரிடமும் மாதிரி எடுக்கிறார்கள். மெல்லிய பஞ்சுக் குச்சியை மூக்கு வழியாகத் தொண்டையின் பின்புறம் வரை செலுத்தி, மெதுவாகச் சுழற்றி எடுப்பார்கள். கண்ணில் நீர் வரும், அவ்வளவுதான். குச்சியின் நுனியை இளஞ்சிவப்புத் திரவம் உள்ள சிறு குப்பிக்குள் முறித்துப் போட்டு மூடி, பெயரும் திகதியும் எழுதி, ஐஸ் பெட்டியில் வைத்துக் கொழும்பு பொரளையில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அனுப்புவார்கள். வழியில் குளிர் குறைந்தால் அத்தனை முயற்சியும் வீண். அந்நிறுவனமே நம் தேசிய இன்புளுவென்சா மையம்; 1952 இல் உலக சுகாதார நிறுவனம் தொடங்கிய வலையமைப்பில் அதுவும் ஓர் உறுப்பு. அவ்வலையமைப்பில் சேரும் தகவலைக் கொண்டு ஆண்டுக்கு இருமுறை, பெப்ரவரியிலும் செப்டெம்பரிலும், அடுத்த பருவத்துத் தடுப்பூசியில் எந்த வைரசுகள் இடம்பெற வேண்டும் என்று நிபுணர்கள் முடிவு செய்கிறார்கள். முகத்துவாரத்தை வெட்டுவதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் முன் வாவியின் நீர்மட்டத்தை நாள்தோறும் பார்ப்பதைப் போன்ற பொறுமையான வேலை இது.

நம் நாட்டில் இன்புளுவென்சா பெரும்பாலும் ஆண்டின் நடுப்பகுதியில் ஒருமுறையும், நமக்கு மாரி மழை பெய்யும் நவம்பர் முதல் ஜனவரி வரையிலான காலத்தில் ஒருமுறையும் கூடும். தடுப்பூசி தேசிய அட்டவணையில் இல்லை. தனியாரிடம் வாங்க வேண்டும். வைரசோடு நன்கு பொருந்தும் ஆண்டுகளில் 40 முதல் 60 சதவீதம் வரை பாதுகாப்புத் தரும். கர்ப்பிணிகளுக்கு அது பரிந்துரைக்கப்படுகிறது. தாயிடமிருந்து குழந்தைக்கும் முதல் மாதங்களில் பாதுகாப்புச் செல்கிறது. மகளின் கிளினிக் வைத்தியரோடு பேசி, மாரிக்கு முன்பே போட்டுக்கொள்வது நல்லது. ஊசி போட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும், காய்ச்சலும் இருமலும் கண்டால் அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருக்க வேண்டாம். ஒசெல்டமிவிர் என்ற மருந்து நோய் தொடங்கி 48 மணித்தியாலத்துக்குள் கொடுத்தால்தான் நன்கு பயன்தரும். அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள், கர்ப்பிணி என்பதை வாசலிலேயே சொல்லுங்கள்.